பழைய காரை மாற்றும்போது வேண்டாத வசதிகளை விலக்கி வாங்கும் முறை

ஷோரூமுக்குப் புறப்படும் முன், இத்தனை ஆண்டுகள் ஓட்டிய பழைய காரில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அதில் நீங்கள் நாள்தோறும் தொடுகிற ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 2009-இல் வாங்கிய சான்ட்ரோவை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது நான் செய்த முதல் வேலை இதுதான். ஏசிக்கு மூன்று திருகுகள், இழுத்தால் பிடித்துக்கொள்ளும் ஹேண்ட் பிரேக், டிக்கியில் மற்ற நான்குக்கும் ஈடான ஐந்தாவது சக்கரம், கதவையும் இன்ஜினையும் திறக்கும் ஒரே சாவி என்று பட்டியல் நீண்டது. பிறகு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியபோது ஒன்று தெரிந்தது. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்பதை விற்பனையாளர் மூச்சு விடாமல் சொல்வார். அவை வந்ததால் எது எது போயிற்று என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்வார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் அந்தத் தாள்.

நம் நாட்டில் கார் வாங்குபவர் தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நிறுவனங்கள் வசதிகளை வேரியன்ட் வேரியன்டாகக் கட்டித்தான் விற்கின்றன. பின்கண்ணாடிக்கு வைப்பர் வேண்டும் என்று ஒரு படி மேலே ஏறினால் அதோடு பெரிய திரையும், இன்னொரு படி ஏறினால் சன்ரூஃபும் சேர்ந்தே வரும். ஆகவே ஒவ்வொரு வசதியையும் எடுத்து ‘இது வேண்டுமா, வேண்டாமா’ என்று பார்ப்பதைவிட, இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு பிரசுரத்தைப் படிப்பது நல்லது. இதைப் பின்னால் வெளிக்கடையில் பொருத்திக்கொள்ள முடியுமா என்பது ஒன்று. வேண்டாம் என்று அணைத்துவிட்டால் அது அணைந்தே இருக்குமா, அல்லது வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் தானாக மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடுமா என்பது மற்றொன்று.

முதல் கேள்வி பணத்தை மிச்சப்படுத்தும். மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், அலாய் வீல் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் வெளியில் போட்டுக்கொள்ளலாம். ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி, பின்கண்ணாடியில் படியும் பனிப்படலத்தை நீக்கும் டிஃபாகர், ஓட்டுநர் இருக்கையின் உயரத்தையும் ஸ்டியரிங்கின் உயரத்தையும் மாற்றும் அமைப்பு ஆகியவற்றைப் பின்னால் சேர்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது வகையில் உங்களுக்கு வேண்டியவை அனைத்தும் எந்த வேரியன்டில் முதலில் நிறைவடைகின்றனவோ, அந்த இடத்தில் நின்றுவிடலாம். வெளியில் பொருத்தும்போது ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளரில் சொருகும் வகையில்தான் பொருத்த வேண்டும் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெட்டிய ஒயரைக் காட்டி மின்பகுதிகளுக்கு வாரன்டி இல்லை என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

எதை விலக்கக் கூடாது

புதிய வசதிகள் மீது வரும் எரிச்சலில் சிலர், ‘அந்தக் காலத்துக் காரில் இதெல்லாம் இருந்ததா’ என்று பாதுகாப்பு அம்சங்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு, உயிர் சம்பந்தப்பட்ட தவறு. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக், பின்பக்க பார்க்கிங் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை ஆகியவையும், 2021-ஆம் ஆண்டு முடிவுக்குள் முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக்கும் கட்டாயமாயின. ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் திட்டம் 2023-இல் கைவிடப்பட்டது. பல நிறுவனங்கள் இப்போது கீழ் வேரியன்டிலிருந்தே ஆறு ஏர்பேக்குகளைத் தருகின்றன என்றாலும், எல்லாரும் தருவதில்லை என்பதால் வேரியன்ட் வாரியாகப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையின் நட்சத்திரங்களைப் பார்க்கும்போது, பெரியவர்களுக்கான மதிப்பெண்ணையும் குழந்தைகளுக்கான மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மணிக்கு 80 கி.மீ. தாண்டியதும் இடைவிட்டும், 120 தாண்டியதும் விடாமலும் ஒலிக்கிற எச்சரிக்கை பலருக்குத் தொல்லையாகத் தெரிகிறது. அதைத் துண்டித்துத் தருவதாகச் சொல்லும் கடைகளும் உண்டு. அது சட்டப்படி இருக்க வேண்டிய ஒன்று. எந்தக் காரை வாங்கினாலும் இருக்கும். அதை விலக்கும் வழியைத் தேடாமல், உங்கள் கையில் இருக்கும் முடிவுகளில் கவனத்தை வையுங்கள்.

திரைக்குள் போய்விட்ட திருகுகள்

வேண்டாத வசதி என்று நான் முதலில் வைப்பது, ஏசியின் கட்டுப்பாடுகளைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்திருப்பதைத்தான். ஐப்பசி மாதத்து மழை மாலை ஒன்றில் பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் பக்கமாக ஒரு புதிய காரை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். பாதி வழியில் முன்கண்ணாடியின் உட்புறம் வெண்மையாகப் படியத் தொடங்கியது. பழைய காரில் இப்படி ஆனால், கண் சாலையை விட்டு அகலாமலே இடது கை தானாகப் போய்த் திருகைத் திருப்பிவிடும். இந்தக் காரில் திரை முழுவதும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதை விலக்க ஒரு தொடுதல், ஏசிப் பக்கத்தைத் திறக்க ஒரு தொடுதல், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப இன்னொரு தொடுதல். சாலையில் இருந்த சிறு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் விரல் பக்கத்தில் பட்டுப் பாட்டுப் பக்கம் திறந்துகொண்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால், முன்னால் போன அரசுப் பேருந்தின் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டியை நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று தொடுதல்களுக்கு இடையில் பேருந்து பிரேக் பிடித்ததை நான் பார்க்கவே இல்லை என்பது வீடு வந்து சேரும்வரை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

இது என் ஒருவனின் பழக்கக் குறையோ என்று நினைத்ததுண்டு. ஸ்வீடன் நாட்டு வாகன இதழான வி பிலேகாரே 2022-இல் செய்த சோதனை அந்த ஐயத்தைப் போக்கியது. பதினொரு புதிய கார்களையும், திரையே இல்லாத 2005-ஆம் ஆண்டு வால்வோ ஒன்றையும் ஒரு ஓடுதளத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டி, வெப்பநிலையை மாற்றுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஓட்டியவர்களுக்கு அந்தந்தக் காரைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பழைய வால்வோவில் நான்கு வேலைகளும் 10 நொடியில் முடிந்தன. அதற்குள் கார் கடந்த தூரம் 306 மீட்டர். மிக மெதுவாக முடிந்த புதிய காரில் 44.6 நொடிகள் ஆயின; அதற்குள் கார் 1,372 மீட்டர் ஓடியிருந்தது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்சிஏபி, 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏசி இல்லை. நம் ஊர் வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் ஏசியையும் சேர்த்தே நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷோரூமில் நிற்கும் காரிலேயே இதைச் சோதித்துவிடலாம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகிக்கொண்ட பிறகு, கண்களை மூடிக்கொள்ளுங்கள். உடன் வந்தவர் ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்: வைப்பரை வேகப்படுத்து, காற்றைக் குறை, குளிரைக் கூட்டு, முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பு, ஒலியைக் குறை, அபாய விளக்கைப் போடு. கண்ணைத் திறக்காமல் எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். வழவழப்பான கறுப்புப் பட்டையில் வெறும் குறியாக ஒளிரும் தொடு பொத்தான்களைப் பொத்தான் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம். விரலுக்கு அவை திரையைப் போலத்தான். என் தாளில் ஆறுக்கு ஆறும் முடிந்த கார்கள் இரண்டே இருந்தன. அவற்றிலும் திரை உண்டு, ஆனால் ஏசிக்குத் திருகுகளும் உண்டு. திரையே இல்லாத காரை நான் தேடவில்லை. வரைபடம் பார்க்கவும் ரிவர்ஸ் கேமராவுக்கும் திரை நல்லதே.

திரையைப் பற்றிப் பேசும்போது மூன்றாவது கேள்வி ஒன்றும் வருகிறது: இது பழுதானால் எதையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்? என் சித்தப்பா மகனின் காரில் வாரன்டி முடிந்த சில மாதங்களில் திரை ஒரு நாள் காலையில் இருண்டுவிட்டது. திரை போனால் பாட்டுத்தான் போகும் என்று நினைத்தவனுக்கு, ஏசியின் குளிரை மாற்ற முடியாது, ரிவர்ஸ் கேமரா தெரியாது, கடிகாரம்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் திரையைப் பிரித்துப் பழுது பார்க்க முடியாது, முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பொருள் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று, சித்திரை வெயிலில். ஆகவே விலை பேசும் நாளில், விற்பனை மேசையை விட்டு எழுந்து அதே கட்டடத்தில் இருக்கும் உதிரிபாகக் கவுன்ட்டருக்குப் போய் நான்கு பொருள்களின் விலையைக் கேளுங்கள்: திரை, ஒரு முகப்பு விளக்கு, முன்கண்ணாடி, ஒரு சாவி. இப்போதைய எல்இடி முகப்பு விளக்குகள் பலவற்றில் பல்பை மட்டும் மாற்ற முடியாது. ஒன்று எரியாவிட்டால் விளக்குப் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த நான்கு விலைகளையும் தாளில் எழுதிய பிறகு, ‘இன்னும் கொஞ்சம் போட்டால் டாப் மாடல்’ என்ற பேச்சு உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.

ஸ்டெப்னி

புதிய கார்களில் சொல்லாமலே காணாமற்போகும் பொருள்களில் முதன்மையானது ஸ்டெப்னி. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியதன்படி, டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் அமைப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் கார்களை ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம். அந்தக் கிட்டில் உள்ள பசை, ஆணி குத்திய சிறு துளையை அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. நம் சாலைகளில் பள்ளத்தின் விளிம்பிலும் கல்லிலும் மோதிப் பக்கச்சுவர் வெடிப்பதும் உண்டு. இரவு பத்து மணிக்கு ஏற்காடு மலைப்பாதையில் அப்படி ஆனால் பஞ்சர் கடையும் கிடையாது, பசையும் உதவாது. ஸ்டெப்னி இல்லாத காரைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஸ்டெப்னி இருக்கிறது என்று சொன்னாலும் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். மற்ற நான்கைவிட மெலிந்த சக்கரமாக இருந்தால், அதன் மேலேயே 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். பழுதான டயரைச் சரிசெய்யும்வரைக்கும்தான் அதை ஓட்டலாம். அலாய் வீல் உள்ள வேரியன்டுகளில் அதே அளவுள்ள இரும்புச் சக்கரத்தைக் கொடுத்தால் அதில் குறையில்லை. சிஎன்ஜி கார்களில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்வதால், சக்கரம் எங்கே இருக்கிறது, சிலிண்டரையோ சாமான்களையோ அசைக்காமல் அதை வெளியே எடுக்க முடியுமா என்பதைக் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சக்கரத்தின் அளவையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம். கீழ் வேரியன்டில் 185/65 ஆர்15 டயரும், மேல் வேரியன்டில் 195/55 ஆர்16 டயரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை இரண்டாவது எண்ணின் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம் கிடைக்கும்: கீழ் வேரியன்டுக்கு ஏறத்தாழ 120 மில்லிமீட்டர், மேல் வேரியன்டுக்கு ஏறத்தாழ 107. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்தின் விளிம்பு நெளியாமல் காப்பது அந்த ரப்பர் உயரம்தான். காசு கூடுதலாகக் கொடுத்து அதில் 13 மில்லிமீட்டரைக் குறைத்து வாங்குவதில் பொருள் இல்லை.

சன்ரூஃப்

குழந்தைகள் கேட்கிறார்கள் என்பதற்காகவே சன்ரூஃப் உள்ள வேரியன்டை வாங்கிய குடும்பங்கள் நிறைய. ஓடும் காரில் குழந்தை அதன் வழியே தலையை வெளியே நீட்டி நிற்பது, திடீரென்று பிரேக் பிடித்தால் கழுத்தையும் மார்பையும் விளிம்பில் மோதும் ஆபத்து. அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. அதை நீக்கிவிட்டால் சன்ரூஃபுக்கு நம் ஊரில் மிஞ்சும் பயன் மார்கழி, தை மாதங்களின் சில காலைகள்தான். மாசி தொடங்கி ஆவணி வரை அது தலைக்கு மேல் வைத்த கண்ணாடி. மெல்லிய துணித் திரை மட்டும் உள்ள அகலமான வகைகளில் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குச் சூடு நன்றாகவே தெரியும். உயரமானவர்கள் உட்கார்ந்து தலை இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் சட்டகம் கூரையின் உட்புற உயரத்தைக் குறைக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுப்பதில்லை என்பது. உள்ளே கசியும் நீரை ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம் வாங்கி, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறக்குகிறது. என் மைத்துனர் காரை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்துவார். பங்குனியில் கொட்டிய வேப்பம்பூ அந்தப் பள்ளத்தில் சேர்ந்து, நசுங்கி, குழாயின் வாயில் பிசின் போல அடைத்திருக்கிறது. கோடை மழை முதல் நாள் பெய்ததும், முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் இருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக இறங்கி மிதியடியை நனைத்தது; மிதியடியைத் தூக்கினால் அடியில் இருந்த பஞ்சு முழுவதும் ஊறியிருந்தது. சன்ரூஃப் உள்ள வேரியன்டைத் தவிர்க்க முடியாமல் வாங்கினால், பூவும் இலையும் உதிரும் காலத்தில் மாதம் ஒரு முறை அதைத் திறந்து பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கீழே வடிகிறதா என்று பாருங்கள்.

அணைத்தாலும் அணையாதவை

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சிக்னலில் நின்றதும் இன்ஜினைத் தானாக நிறுத்திக் கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் அமைப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதை அணைக்கப் பொத்தான் இருக்கும். ஆனால் பல கார்களில் வண்டியை அணைத்து மீண்டும் கிளப்பினால் அது பழையபடி இயங்கத் தொடங்கிவிடும். இன்ஜினின் பெல்ட்டில் ஓடும் ஏசி கம்ப்ரசரும் அதோடு நின்றுவிடுவதால், கத்திரி வெயிலில் நீண்ட சிக்னலில் குளிர் குறைவது தெரியும். இந்த அமைப்புள்ள கார்களுக்கு அதற்கென்றே வலுவூட்டிய பேட்டரி வேண்டும், அதன் விலையும் கூடுதல். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை மாட்டினால் அது சீக்கிரமே இறங்கிவிடும்.

சாலைக்கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புவது, முன்னால் வருவதைப் பார்த்துத் தானே பிரேக் பிடிப்பது முதலான ஏடாஸ் வசதிகளை ஒரே பொட்டலமாக எடுத்துக்கொள்ளவோ ஒதுக்கவோ வேண்டாம். அவசர பிரேக் நல்லது என்பது என் எண்ணம். ஓட்டுநர் ஒரு நொடி அசந்த நேரத்தில் அது உயிரைக் காக்கும். சாலைக்கோட்டில் வண்டியைப் பிடித்து வைக்கும் வசதி, கோடு அழிந்த சாலையிலும், பாலம் கட்டும் இடத்தில் பழைய கோடும் புதிய கோடும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் சாலையிலும் கையில் இருக்கும் ஸ்டியரிங்கை எதிர்பாராமல் இழுக்கும். ஆட்டோ குறுக்கே வெட்டும்போது தானாக விழும் பிரேக், பின்னால் ஒட்டி வரும் வண்டிக்கு அதிர்ச்சியாகவும் அமையலாம். ஆகவே இவ்விரண்டையும் தனித்தனியாக அணைக்க முடியுமா, அணைத்தது அடுத்த நாளும் அப்படியே இருக்குமா, பிரேக்கின் முன்னெச்சரிக்கைத் தூரத்தைக் குறைக்க முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. லாரியிலிருந்து தெறித்த கல்லில் கண்ணாடி உடைந்தால், கண்ணாடியை மாற்றிய பின் கேமராவை மறுபடியும் அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அதைத் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் செய்ய முடியாது.

பொத்தானில் இயங்கும் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் அதை விடுவிக்க முடியாது, வண்டியைத் தள்ளவும் முடியாது. பல கார்களில் பின் பிரேக் பேடை மாற்றவே ஸ்கேனர் வேண்டும். அதே சமயம் மூட்டுவலி உள்ளவர்களுக்கும், மேட்டில் வண்டி பின்னால் உருளுமோ என்று பயப்படுபவர்களுக்கும், அதோடு வரும், நின்ற வண்டியை உருளாமல் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் பெரிய ஆறுதல். உங்கள் வீட்டில் யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சாவியில்லாமல் கிளப்பும் கார் என்றால், சாவிக்குள் இருக்கும் பேட்டரி இறங்கிய நாளில் கதவை எப்படித் திறப்பது, இன்ஜினை எப்படிக் கிளப்புவது என்பதை டெலிவரி எடுக்கும்போதே ஒரு முறை உங்கள் கையால் செய்து பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை வெளியே எடுப்பது பலருக்குத் தெரிவதில்லை.

கார் அனுப்பும் தகவல்கள்

காருக்குள்ளேயே சிம் பொருத்தி, வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போயிற்று என்பதைக் கைபேசிச் செயலிக்கு அனுப்பும் வசதியை முதல் சில ஆண்டுகள் இலவசம் என்று தருவார்கள். அந்த ஆண்டுகள் முடிந்ததும் சந்தா கட்டவேண்டும். சந்தா எவ்வளவு, கட்டாவிட்டால் எந்தெந்த வேலைகள் நின்றுபோகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். 2023 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் இணைய உலாவிக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமை நடைமுறைகளை ஆராய்ந்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்று அறிவித்தது. செயலியை நிறுவாமலும், டெலிவரி நாளில் நீட்டப்படும் ஒப்புதல் பக்கத்தைப் படிக்காமல் தொடாமலும் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவசரப்படுத்தினாலும் வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். பழைய காரில் இப்படி ஏதாவது இருந்தால், விற்கும் முன் புளூடூத்தில் சேமித்த கைபேசிகளையும் தொடர்பு எண்களையும் நீக்கி, திரையைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுங்கள். பயன்படுத்திய கார் வாங்குபவர், பழைய உரிமையாளர் தம் செயலியிலிருந்து அந்த வண்டியை நீக்கியதை நேரில் பார்த்த பிறகே பணத்தை முழுவதும் கொடுக்க வேண்டும்.

டீசலும் பயன்படுத்திய கார்களும்

நகரத்துக்குள் தினம் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர்கள் பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் காரை வாங்க வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தள்ள, கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் ஊருக்குப் போய்வருபவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

புதிய கார்களின் வசதிகளே வேண்டாம் என்று பயன்படுத்திய காரைத் தேடுபவர்களுக்கு, 2019 ஜூலைக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் தயாரானவை நல்ல தேர்வு. ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் சட்டப்படி வந்துவிட்டன. கட்டுப்பாடுகள் இன்னும் பெரும்பாலும் திருகுகளாகவே இருந்தன. ஒரு குறை உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்கள் 2023 ஏப்ரல் முதல்தான் வரத் தொடங்கின. அதற்கு முந்தைய கார்களில் மைலேஜ் குறையும். ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் வடிகட்டியையும் அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டிவரும். பதினைந்து ஆண்டு முடிந்த பழைய காரையே வைத்துக்கொள்ள நினைத்தாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய் என்பதையும், இருபது ஆண்டு தாண்டினால் அது இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன்

பெரும்பாலான நிறுவனங்கள் உரிமையாளர் கையேட்டைத் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. காரை வாங்கிய பிறகு படிப்பதற்காக எழுதப்பட்ட அந்தக் கையேட்டை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். எது அணையும், எது அணையாது, பேட்டரி இறங்கினால் என்ன செய்வது, ஸ்டெப்னி எந்த வகை என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விற்பனையாளரைவிடத் தெளிவான பதில் அதில் இருக்கும். டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் டாப் வேரியன்டாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டையே கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஷோரூமில் நிற்கும் அந்த வேரியன்டிலாவது உட்கார்ந்து பாருங்கள். ஒரு முறை பகல் வெயிலிலும் இன்னொரு முறை இருட்டிய பிறகும் ஓட்டிப் பாருங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடியாத கார், இரவு நெடுஞ்சாலையில் கண்ணைக் கூசவைக்கும்.

கீழ் வேரியன்டைக் கேட்டால், அது வர மூன்று மாதம் ஆகும், மேல் வேரியன்ட் நாளைக்கே இருக்கிறது என்ற பதில் பெரும்பாலும் வரும். பழைய கார் இன்னும் ஓடுகிறதென்றால் காத்திருங்கள். அதற்காகவே பழைய காரை எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே ஒப்படைக்காமல் வைத்திருக்க வேண்டும். முன்பணம் கட்டும் ரசீதில் வேரியன்டின் முழுப் பெயர், நிறம், தயாரிப்பு மாதம், ‘ஆக்சசரீஸ் பேக் வேண்டாம்’ என்ற வரி ஆகிய நான்கும் இருக்கட்டும். டெலிவரி நாளில் கையெழுத்துப் போடும் முன், முதல் நாள் பழைய காரில் உட்கார்ந்து எழுதிய அந்தத் தாளை வெளியே எடுத்து, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் பார்த்து, இரண்டு சாவிகளையும் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக டிக் செய்யுங்கள்.